பயிற்சி முடிந்து அரை மணி நேரத்துக்குள்

பதுளைக்கு ரயில் வந்ததுதான் ஊவாவின் யுகப் புரட்சி என்று சரித்திரம் எழுதியவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள். இன்னும் ஒரு நூறு வருஷம் பொறுத்திருந்தால் அமினோ அமிலம் வந்ததையும் பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம். ரயில் பதுளையோடு நின்றுவிட்டது. அதற்கு மேலே போகத் தண்டவாளமும் இல்லை, தைரியமும் இல்லை. அமினோ அமிலமோ வேனில் ஏறி, நமுனுகுல மலையைச் சுற்றிக்கொண்டு, வெள்ளக்கல் தோட்டத்து மேற்பிரிவு வரைக்கும் போயிற்று. போன டப்பாக்கள் அன்றன்றே திரும்பி வந்தன என்பது உண்மைதான். ரயிலும்தான் திரும்பி வருகிறது. அதற்காக அதை யாரும் குறை சொல்வதில்லை.

இந்த மகத்தான பயணத்தை நடத்திவைத்த பெருமை அஜந்தனைச் சேரும். அவன் 'மலைநாட்டுத் தசைவலு அபிவிருத்தி மன்ற'த்தின் களநிலை இணைப்பாளன். மன்றம் பதுளைக் கடைவீதியில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. பணிப்பாளர் யேசுரத்தினம், களஞ்சியப் பொறுப்பாளர் ஜெசிந்தினி, அஜந்தன் ஆகிய மூவரும் சேர்ந்தால் மன்றம்; ஒருவர் லீவு போட்டால் உபகுழு.

அஜந்தனின் பதவி தற்காலிகமானது. ஒவ்வொரு வருஷமும் டிசம்பரில் அதற்கு உயிர் போகும், ஜனவரியில் திரும்பி வரும். இந்த முறை பணிப்பாளர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்: "இந்தத் திட்டம் வெற்றியா முடிஞ்சா ஒங்கள நெரந்தரமாக்கிருவோம் தம்பி." அந்த நாளிலிருந்து அஜந்தனுக்கு வெற்றி என்ற சொல்லைக் கேட்டாலே பசி எடுத்தது.

அவனுக்கு அறிவியலில் இருந்த ஈடுபாடும் லேசுப்பட்டதல்ல. பஸ் நிலையத்துக்குப் பின்னால் நௌபர் நடத்தும் உடற்பயிற்சி நிலையத்தில் அவன் ஒன்றரை வருஷ அங்கத்தவன். அங்கேதான் முதன்முதலாக அமினோ அமிலத் தூளைத் தரிசித்தான். கறுப்பு டப்பா, தங்க எழுத்து, உள்ளே மாம்பழ வாசனை. தசை நாருக்குள்ளே இழைமணி இழைமணியாகச் சக்தி உற்பத்தியாகிறது என்றும், அதற்குக் கிளைச்சங்கிலி அமினோ அமிலம் துணை செய்கிறது என்றும், பயிற்சியும் தூளும் சேர்ந்தால்தான் உணவைச் சக்தியாக்கும் தசையின் அனுசேபம் தலைநிமிரும் என்றும் நௌபர் சொல்லச் சொல்ல அஜந்தனுக்குப் புல்லரித்தது. பத்தாம் வகுப்பு விஞ்ஞானப் பாடத்தில், கலத்தின் உள்ளுறுப்பான இதே இழைமணியைப் படம் போட்டுப் பாகம் குறித்திருக்கிறான். அப்போது அது இவ்வளவு வேலை செய்யும் என்று யாரும் சொல்லவில்லை.

பருப்பிலும் முட்டையிலும் இதே அமிலங்கள் இருக்கின்றன என்று சில அற்பர்கள் சொல்லக்கூடும். இருக்கட்டுமே. பருப்புக்கு மூடி உண்டா? மூடியைத் திறந்தால் உள்ளே அளவுக் கரண்டி உண்டா? அளவுக் கரண்டி இல்லாத ஒன்றை விஞ்ஞானம் என்று எப்படி ஒப்புக்கொள்வது? ஆஸ்பத்திரியில் கிடக்கும் சொந்தக்காரனைப் பார்க்கப் போகும்போதே தகரத்தில் அடைத்த சத்து மாவைத்தான் வாங்கிப் போவோம் நாம். வாழைப்பழத்தோடு போனவனை இன்றைக்கும் மன்னிக்காத வம்சம் இது.

திட்டத்துக்குப் பெயர் வைப்பதில் ஒரு முழுக் காலை போயிற்று. கடைசியில் 'அமினோ அமிலக் குறைநிரப்பியும் உடற்பயிற்சியும் இணைந்த பெருந்தோட்டத் தசைச்சக்தி அனுசேப மேம்பாட்டுத் திட்டம்' என்று முடிவாயிற்று. பணம் கொடுக்கும் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டிருந்தது: பயனாளிகள் வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம் பயிற்சி செய்வார்கள்?

"மூணு மணித்தியாலம் போதும்னு அவங்க அனுப்புன கையேட்டுல இருக்கு சேர்," என்றாள் ஜெசிந்தினி.

"மூணுன்னு எல்லா நாட்டுக்காரனும்தான் எழுதுவான் மிஸ். நம்மளுக்கு எதுக்குக் காசு தருவான்?" என்று யேசுரத்தினம் கண்ணை மூடிக்கொண்டார். அவர் கண்ணை மூடினால் யோசிக்கிறார் என்று அலுவலகம் நம்பியது.

அப்போதுதான் அஜந்தனின் மூளையில் அந்த மின்னல் அடித்தது.

"சேர், மலையேறுறது பயிற்சிதானே?"

யேசுரத்தினம் ஒரு கண்ணைத் திறந்தார். "ஆமா. வெள்ளைக்காரன் காசு கட்டி ஏறுறான்."

"அப்ப நம்ம சனம் தெனமும் ஏறுதே சேர். கொழுந்து எடுக்குறது புயத்துக்குப் பயிற்சி. சாக்கத் தலையில வச்சி, கொழுந்து நிறுக்குற மடுவத்துக்குக் கொண்டு போறது பாரம் தூக்குற பயிற்சி."

"தண்ணிக் கொடம்?"

"அதுவும்தான் சேர்."

"வெறகு?"

"வெறகு வெட்டுறது தனி, சொமக்குறது தனி. ரெண்டாக் காட்டலாம்."

பணிப்பாளரின் இரண்டாவது கண்ணும் திறந்தது. அதில் ஈரம் இருந்தது. "அடடா. எரநூறு வருஷமா நம்ம ஆளுங்க பயிற்சியில இருந்திருக்காங்க, ஒருத்தனும் ஆவணப்படுத்தலையே. எழுதுங்க மிஸ். ரொட்டிக்கு மாவு பெசையிறத விட்றாதீங்க."

எழுதினார்கள். விடிந்ததிலிருந்து படுக்கும் வரைக்கும் வெள்ளக்கல் தோட்டம் செய்வதெல்லாம் பயிற்சி என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். வெளிநாட்டு நிறுவனம் அசந்துபோயிற்று. இப்படியொரு 'பயிற்சி அர்ப்பணிப்பை' எந்தக் கண்டத்திலும் கண்டதில்லை என்று பதில் போட்டுப் பணத்தையும் அனுப்பியது. யேசுரத்தினம் அஜந்தனின் முதுகில் தட்டினார். தட்டிய இடம் ரெண்டு நாள் இனித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அஜந்தன் வெள்ளக்கல்லுக்குப் பஸ் ஏறினான். அவன் அந்த மேற்பிரிவில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்தில் பிறந்தவன். அம்மா இறந்தபோது அவனுக்கு நாலு வயது. மூத்தவள் பாக்கியலெட்சுமி படிப்பை விட்டுக் கொழுந்துக்குப் போய் அவனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். அவன் உயர்தரம் தேறினான், பதுளைக்குப் போனான், சப்பாத்துப் போட்டான். அவள் கல்யாணம் கட்டாமலே ஐம்பதைத் தாண்டி, அதே லயத்தில், அதே ஒற்றை அறைக் காம்பராவில் இருந்தாள்.

அக்கா முழங்காலுக்கு எண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தம்பியைப் பார்த்ததும் முதல் வேலையாக அவன் புயத்தைப் பிடித்து அமுக்கினாள்.

"இது என்னடா, சட்டைக்குள்ள பேக்கரிப் பணிஸ் வச்சிருக்கியா?"

"தசைக்கா."

"எனக்கும் இருந்துச்சு. எங்க போச்சுன்னுதான் தெரியல." அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "காலு சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குதுடா தம்பி. மத்தியானத்துக்கு மேல ஏறவே முடியல. கொழுந்து நெறையல. இந்த மாசம் பாதி நாளு அரைப்பேருதான்."

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். அரைப்பேர் அடிக்கடி விழுந்தால் தோட்ட மேலாளரான துரை பதிவேட்டிலிருந்து பெயரையே வெட்டிவிடுவார். பெயர் போனால் காம்பராவும் போகும்.

"இந்த வருசக் கடைசி வரைக்கும் பாப்பாராம் தொரை. கங்காணி சொல்லிட்டாரு," என்றாள் அக்கா. "காம்பராவ விட்டுட்டு நான் எங்கடா போறது? ஒன் பதுளை ரூமுக்கா? அங்க ஒன் டப்பாவுக்கே எடம் பத்தல."

 அஜந்தனிடம் இதற்கு மருந்து இருந்தது. அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்து அமினோ அமிலத்தின் மகிமையைச் சொன்னான். தசை, இழைமணி, கிளைச்சங்கிலி, அனுசேபம், எதையும் விடவில்லை. இடைக்கிடை அக்கா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

"என் ஒடம்புக்குள்ளயும் அந்த எழமணி இருக்கா?"

"கோடிக்கணக்கா இருக்குக்கா. எல்லாம் களைச்சிப் போயிருக்கு."

"இருக்கும். நான் ஒக்காந்தாத்தானே அதுக ஒக்காரும்." அவள் கொஞ்சம் யோசித்தாள். "தூளு குடிச்சா மத்தியானத்துக்கு மேலயும் ஏறலாமா?"

"ஓடலாம்."

"ஓட வேணாம். ஏறுனாப் போதும். எனக்கு எப்படா தருவ?"

"மொத டப்பா ஒங்களுக்குத்தான்க்கா," என்று அஜந்தன் வாக்குக் கொடுத்தான். உண்மையாகத்தான் கொடுத்தான். அந்த நிமிஷம் பணிப்பாளர் எதிரில் இருந்திருந்தால் அவரிடமும் அதையே சொல்லியிருப்பான். துரதிர்ஷ்டம், அவர் எதிரில் இருக்கவில்லை.

திட்டத்தின் தொடக்க விழா பெரட்டுக் களத்தில் நடந்தது. காலையில் கங்காணி ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் இடம் அது. மன்றம் மூவரும் ஒரே மாதிரி நீலப் பயிற்சி உடையில் வந்து இறங்கினார்கள். யேசுரத்தினத்தின் உடையில் இன்னும் விலைச்சீட்டு தொங்கியது. பனியில் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்ற பெண்கள், யாரோ செத்துப்போய்விட்டார்கள் போல என்று முதலில் பயந்துவிட்டார்கள். மூன்று பேர் ஒரே மாதிரி உடுத்திக்கொண்டு தோட்டத்துக்கு வந்தால் வேறு என்ன நினைப்பது.

"பெரியோர்களே," என்று யேசுரத்தினம் தொடங்கினார். "ஒடம்பு அசையணும். அசையாத ஒடம்பு அழுகிப்போவும். நீங்க எல்லாம் இனிமேலாவது ஒடம்ப அசைக்கப் பழகணும்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கங்காணி அழகையா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அஜந்தன் விசில் ஊதினான். கை மேலே, கை கீழே, குதி, குந்து, எழும்பு. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு குந்தி எழும்பினார்கள். பாக்கியலெட்சுமி மட்டும் சிரிக்காமல், முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஒன்று விடாமல் செய்தாள். தம்பி ஊதும் விசில் அல்லவா. பத்து நிமிஷத்தில் யேசுரத்தினம் மதகுக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். மூச்சு அவருக்கு முன்னால் பதுளைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தது.

"முடிஞ்சிச்சிங்களா சேர்? மலைக்கு நேரமாவுது," என்றார் அழகையா.

"தூளக் குடுங்க மிஸ்," என்றான் அஜந்தன். அக்காவின் கண் ஏற்கெனவே டப்பாவில் இருந்தது.

ஜெசிந்தினி ஒழுங்கு தவறாதவள். கையேட்டைத் திறந்து உரக்க வாசித்தாள். "'குறைநிரப்பியானது பயிற்சி முடிந்து அரை மணி நேரத்துக்குள் குளிர்ந்த நீரில் கலந்து வழங்கப்படல் வேண்டும். பயிற்சிக்கு இடையில் எக்காரணம் கொண்டும் வழங்கலாகாது.'" தலையை நிமிர்த்தினாள். "இவங்களுக்குப் பயிற்சி முடிஞ்சிருச்சா சேர்?"

அழகையா குறுக்கிட்டார். "முடியிறதாவது. இனித்தானே மிஸ் மலைக்கே போறாங்க."

"அப்ப பயிற்சி நடந்துக்கிட்டு இருக்கு," என்றாள் ஜெசிந்தினி.

அஜந்தன் பணிப்பாளரிடம் திரும்பினான். "சேர், இங்க குதிச்சத மட்டும் பயிற்சின்னு எடுத்துக்குவோமே."

"அது எப்புடித் தம்பி?" யேசுரத்தினத்துக்கு மூச்சு திரும்பியிருந்தது. "அப்ப மலையேறுறது, கொழுந்து எடுக்குறது எல்லாம் பயிற்சி இல்லன்னு ஆயிருமே. காசு அனுப்புனவனுக்கு என்ன எழுதுவீங்க? அது ஒங்க யோசனைதானே?"

அவன் யோசனைதான். நல்ல யோசனை என்று முதுகில் தட்டு வாங்கிய யோசனை. அஜந்தன் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

பெண்கள் மலைக்குப் போனார்கள். களத்தில் உடைத்த டப்பா ஒன்றும், பயிற்சி முடிந்தவர்கள் மூன்று பேரும் மீந்தார்கள். அரை மணி நேரம் ஓடிக்கொண்டிருந்தது. கையேடு கையேடுதான், பயிற்சி முடிந்தவருக்குக் கொடுக்கத்தான் வேண்டும். ஜெசிந்தினி மூன்று குவளை கலக்கினாள். "மாம்பழம் மாதிரியே இருக்கே," என்றார் யேசுரத்தினம். இவ்வாறு ஊவாவின் வரலாற்றில் முதல் தடவையாக ஒரு தேயிலைத் தோட்டத்தில் பயிற்சியும் அமினோ அமிலமும் விதிமுறைப்படி இணைந்தன.

சாயங்காலம் கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். கொழுந்து நிறுத்து முடியும்போது மன்றத்தின் வேன் பதுளையில் இருந்தாக வேண்டும். அலுவலக வாகனம் பொழுது சாய்ந்து வெளியே நிற்பது ஒழுக்கக்கேடு. இருந்தும் ஜெசிந்தினி மனச்சாட்சி உள்ள பெண். ஒரு நாள் கடைசி பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்று சொல்லி, கலக்கிய குவளையோடு பாக்கியலெட்சுமியின் பின்னாலேயே நடந்தாள்.

"முடிஞ்சிச்சாக்கா?"

"இன்னும் கொழுந்து நிறுக்கலையே மிஸ்."

நிறுத்தார்கள். "இப்ப?"

"ஒரு கட்டு வெறகு கெடக்கு. எடுத்துட்டு வந்துர்றேன்."

விறகு வந்தது. குடம் போயிற்று, குடம் வந்தது. அடுப்பு ஊதினாள், மாவு பிசைந்தாள், ரொட்டி தட்டினாள், பக்கத்துக் காம்பராக்காரிக்குக் காய்ச்சல் என்று அவள் வீட்டுப் பாத்திரத்தையும் கழுவினாள். எல்லாமே திட்ட அறிக்கையில் பயிற்சி என்று பதிவானவை. ஜெசிந்தினியே தன் கையால் பதிந்தவை. கடைசி பஸ் ஹோர்ன் அடித்தது. "நீங்க குடிச்சிட்டுப் போங்க மிஸ், மூஞ்சி வாடிக் கெடக்கு," என்றாள் பாக்கியலெட்சுமி. இவ்வளவு நேரம் குவளையைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கிய ஜெசிந்தினிக்கு அன்றைய பயிற்சி முடிந்திருந்தது. குடித்துவிட்டுப் போனாள்.

மற்றபடி திட்டம் செம்மையாக நடந்தது. வாரத்துக்கு இரண்டு தடவை வேன் போயிற்று, மூவரும் குதித்தார்கள், குடித்தார்கள். நமுனுகுலப் பனிக்கு உடைத்த டப்பா கட்டிபட்டுப் போகும் என்பதால், 'சேதாரத்தைத் தவிர்க்கும் பொருட்டு' மிஞ்சியதை அஜந்தன் நௌபரின் உடற்பயிற்சி நிலையத்துக்கு எடுத்துச் சென்று அங்கே தவிர்த்தான். ஆரம்பத்தில் ஒவ்வொரு மிடறுக்கும் அக்காவின் முகம் வந்தது. நாள் போகப் போக மிடறுக்கு ஒரு தடவை வந்தது கரண்டிக்கு ஒரு தடவையாயிற்று, பிறகு டப்பாவுக்கு ஒரு தடவையாயிற்று. உடம்பு தேறத் தேற மனசும் தேறிவிடுகிறது. இதையும் யாராவது ஆராயலாம்.

நவம்பர் மாதத்தில் ஒரு மத்தியானம். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் மன்றம் மூவரும் நின்றிருந்தார்கள். வேன் பாதி வழியில் நின்றுவிட்டதால் மேட்டில் நடந்தே ஏறி வந்திருந்தார்கள். பாக்கியலெட்சுமி தன் சாக்கை இறக்கிப் போட்டாள். தராசில் வைத்தபோது அழகையா உதட்டைப் பிதுக்கினார். அவள் கொழுந்தைக் கொட்டிவிட்டு வெறுஞ்சாக்கின் மேலே உட்கார்ந்தாள்.

"மிஸ், கலக்குங்க. எனக்குப் பயிற்சி முடிஞ்சிருச்சு."

மடுவமே திரும்பிப் பார்த்தது. ஜெசிந்தினிக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. இத்தனை மாதமாக அவள் காத்திருந்த சொல் அது. டப்பாவைத் திறந்து, கரண்டியால் அளந்து, குவளையைக் குலுக்கத் தொடங்கினாள்.

"முடிஞ்சிருச்சா பாக்கியம்?" என்றார் அழகையா. கெட்ட மனுஷன் இல்லை. அவருக்கும் மேலே ஒருத்தர் இருக்கிறார். "அப்ப அரைப்பேரு போட்டுர்றேன்."

"இருங்க கங்காணி. இத ஒரு வாயி குடிச்சிட்டுத் திரும்ப ஏறுறேன்."

"திரும்ப ஏறுனா பயிற்சி முடியலையேக்கா," என்றாள் ஜெசிந்தினி. குவளை கையில் அப்படியே நின்றது.

"முடிஞ்சதா, முடியலையா? ஒண்ணச் சொல்லு தாயி. எனக்கும் கணக்குக் குடுக்கணும்," என்றார் அழகையா.

சத்து வேண்டுமென்றால் வேலையை நிறுத்த வேண்டும். வேலையை நிறுத்தினால் பேர் போகும். பேரைக் காப்பாற்றத்தான் சத்தே வேண்டும். இவ்வளவு துல்லியமான ஒரு திட்டத்தை மேல்மாடியில் இருந்துகொண்டே தீட்டிய மூளையை எப்படிப் புகழ்வது?

பாக்கியலெட்சுமி அந்த மூளையைத்தான் பார்த்தாள்.  அஜந்தனுக்குத் தெரிந்தது. 'குடுங்க மிஸ், நான் பொறுப்பு' என்றால் போதும். நாலு சொல். ஜெசிந்தினி கொடுத்துவிடுவாள், அழகையாகூட அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். அஜந்தன் பணிப்பாளரைப் பார்த்தான். பணிப்பாளர் கையேட்டைப் பார்த்தார். டிசம்பர் கிட்டத்தில் இருந்தது.

"அக்கா... கையேட்டுல அப்புடித்தான் இருக்கு," என்றான்.

 அவள் முழங்காலில் கையை ஊன்றி எழுந்தாள். "முடியல மிஸ். எனக்கு இன்னும் இருக்கு." வெறுஞ்சாக்கை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மலைக்குத் திரும்பினாள்.

கலக்கியதைக் கீழே ஊற்றக் கூடாது. விரயத்தைக் கணக்குத் தணிக்கையாளர்கள் விடமாட்டார்கள். மேடேறி வந்ததில் அஜந்தனின் பயிற்சி முடிந்து சரியாக அரை மணி நேரத்துக்குள்தான் இருந்தது. ஜெசிந்தினி குவளையை அவனிடம் நீட்டினாள். நாண்டுகொண்டு சாகலாம் போல இருந்தது அவனுக்கு. அக்கா வளைவில் மறையும் வரைக்கும் குவளையைக் கையில் வைத்திருந்தான். அப்புறம் குடித்தான். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அவனுக்குத் தாங்க முடியவில்லை.

வருஷக் கடைசியில் அளவீடு நடந்தது. மன்றம் நாடாவோடு போய் எல்லாப் புயங்களையும் அளந்தது. பெண்களின் தசைகள் ஆரம்பச் சுற்றளவை 'உறுதியாகப் பேணியிருந்தன', சிலருடையவை 'சிக்கனமடைந்திருந்தன'. யேசுரத்தினத்துக்கு வயிற்றில் வளர்ச்சி இருந்தது. வயிற்றுக்கென்று அறிக்கை அட்டவணையில் நிரல் இல்லை. திட்டம் முழுவதிலும் கண்ணுக்குத் தெரியும்படி முன்னேறியிருந்த ஒரே தசை அஜந்தனுடையது.

"படம் ஒண்ணு வேணும் தம்பி. திட்டத்துக்குப் பின்னான படம். முன்னானது நெறைய இருக்கு," என்றார் யேசுரத்தினம்.

"நான் அலுவலராச்சே சேர்."

"அலுவலர்தான். எங்க பொறந்தீங்க?"

"வெள்ளக்கல்லுல."

"அப்ப சட்டையக் கழட்டுங்க."

அறிக்கையின் முன்னட்டையில் அந்தப் புயம் ஏறியது. கீழே, 'பெருந்தோட்டத் தொழிலாளர் குடும்பத்தைச் சேர்ந்த பயனாளி ஒருவர்' என்று எழுதியிருந்தது. அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. குடும்பத்தில் ஒருத்தி பயிற்சி செய்தாள், ஒருத்தன் தூள் குடித்தான். இரண்டும் இணைய வேண்டும் என்றுதானே திட்டம். ஒரே உடம்பில் இணைய வேண்டும் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. வெளிநாட்டு நிறுவனம் அந்தப் புயத்தைப் பார்த்துவிட்டு அடுத்த கட்டத்துக்கும் பணம் ஒதுக்கியது. அஜந்தன் நிரந்தரமானான்.

அனுப்பிய அறிக்கையில் 'பயனாளிகளின் கருத்து' என்ற பகுதி மட்டும் வெறுமையாக இருந்தது; அதைப் பின்னால் அனுப்பிவைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அதை நிரப்ப அஜந்தன் ஒரு கிலோ லட்டும் வாங்கிக்கொண்டு வெள்ளக்கல்லுக்குப் போனான்.

லயத்துக்கு ஏறும் வழியிலேயே அக்கா எதிர்ப்பட்டாள். தலையில் விறகுக் கட்டு. கொழுந்துச் சாக்கு இல்லை. வேலை நாள், வேலை நேரம்.

"பேரு வெட்டிட்டாங்கடா," என்றாள், வெயில் அடிக்கிறது என்பது போல. "தை பொறக்கங்காட்டியும் காம்பராவ ஒப்படைக்கணுமாம். கீழ பேக்கரிக்காரன் வெறகு கேட்டான். ஒரு நாளைக்கு ரெண்டு கட்டு போட்டா, அவன் கடைக்குப் பின்னால ஒரு எடம் தாரேங்குறான்."

"பதுளைக்கு வந்துருங்கக்கா."

"வந்து? நீ குடிக்கிறத நின்னு பாக்கவா?" அவள் சிரித்தாள். கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. கோபம் இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"குடுங்க, கட்ட நான் தூக்குறேன்."

"வேணாம், வெள்ளச் சட்ட. ஆபீசு போறவன்." அவள் கட்டைச் சரிசெய்துகொண்டாள். "நெரந்தரமாக்கிட்டாங்களாமே. கங்காணி சொன்னாரு. சந்தோசம்டா. அம்மா இருந்தா கும்புட்ருக்கும்."

 அஜந்தனுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் போல, எதையாவது வாக்குப் பண்ண வேண்டும் போலத் துடித்தது. வாயில் வந்தது என்னவோ பழக்கத்தில் வந்ததுதான்.

"ஒங்களுக்கும் ஒரு டப்பா கட்டாயம் தருவேன்க்கா. பயிற்சி முடிஞ்ச ஒடனே..."

சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டான். அக்கா நின்றாள். விறகுக் கட்டோடு மெல்லத் திரும்பி, சும்மா இருந்த ஒரு கையால் அவன் புயத்தைப் பிடித்து, அன்றைக்குப் பார்த்தது போலவே அமுக்கிப் பார்த்தாள்.

"எனக்குப் பயிற்சி முடியிற அன்னைக்கு ஒனக்குப் போன் வரும்டா தம்பி. தூளக் கலக்கிக்கிட்டு நிக்காம ஒடனே வந்துரு. பொட்டி தூக்க நாலு பேரு வேணும்ல. நல்லாத்தான் தேறியிருக்கு. அதுக்காவது ஒதவட்டும்."

அவள் இறங்கிப் போனாள்.  அஜந்தன் லட்டுப் பெட்டியோடு அலுவலகத்துக்குத் திரும்பி, முகத்தைக் கழுவிக்கொண்டு, வெறுமையாக இருந்த பகுதியைத் தட்டச்சு செய்தான்:

'பயிற்சி நிறைவடையும் நாளில் மன்றத்தின் அலுவலர்கள் நேரில் வந்து தோள் கொடுப்பார்கள் என்பதில் பயனாளிகள் அசையாத நம்பிக்கை கொண்டுள்ளனர்.'